இதயத் தமனியின் இசிவு



'வால்வு ஆபரேஷன்' என்னும் சொற்றொடர் இன்று பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும் புதியதன்று. திருச்சிக்கோ, தஞ்சைக்கோ, சென்னைக்கோ, வேலூருக்கோ சென்று இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு திரும்பியவர்கள் வயலில் களை எடுப்பதையும், கடையில் அமர்ந்து கணக்கு எழுதுவதையும் நாம் பார்க்கிறோம். பெரும்பாலோருக்கு அந்த அறுவை நல்லபடியாகவே முடிகிறது. ஆனால், மிகச் சிலருக்கு விந்தையானதொரு இடர் நேர்கிறது. பழுதான வால்வை மாற்றியாயிற்று; புதிய வால்வு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது; தையல்களில் குறையில்லை. ஆயினும் சில மணி நேரத்திற்குள் நோயாளியின் இரத்த அழுத்தம் சட்டென்று சரிகிறது. மின்பதிவுக் கருவி மாரடைப்புக்குரிய கோட்டை வரைகிறது. அறுவை மருத்துவரின் கத்தி தீண்டாத ஓர் இரத்தக் குழாய், தானாகவே சுருங்கி இறுகிக்கொண்டதுதான் காரணம் என்று மருத்துவர் கூறுகின்றனர். வெளியே காத்திருக்கும் உறவினருக்கு இது விளங்குவதில்லை. "வால்வில்தானே கோளாறு? குழாய்க்கு என்ன வந்தது?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

குழாய் இவ்வாறு திடீரென்று சுருங்குவதை 'இசிவு' என்பர். இரவில் கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகிக் குரக்குவலி எடுப்பதை நீங்கள் அறிவீர்கள். சதை நைந்துபோகவில்லை, எலும்பு முறியவில்லை, தளரவேண்டிய தசை தளர மறுக்கிறது, அவ்வளவே. சற்று நேரத்தில் அது விட்டுவிடும். காலில் வந்தால் தேய்த்துவிட்டுத் தூங்கலாம். இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் வந்தால் தூங்க இயலாது.

முதலில் வால்வைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. மிதிவண்டிச் சக்கரத்து ட்யூபில் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கும் சிறு வால்வு எப்படியோ, அப்படியே இவையும் இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடுகின்றன. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. அத்தனை முறையும் இவ்வால்வுகள் திறந்து மூடவேண்டும். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ளது ஈரிதழ் வால்வு. கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தம் புறப்படும் வாயிலில், பெருந்தமனியின் அடியில் உள்ளது பெருந்தமனி வால்வு. அறுவைக்கு மிகுதியாக ஆளாகிறவை இவ்விரண்டுமே.

நம் நாட்டில் இளம் வயதினருடைய வால்வுகள் கெடுவதற்குப் பெருங்காரணம் கீல்வாதக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் புண்ணை உண்டாக்குகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, அந்நுண்ணுயிரை எதிர்க்க உடல் எழுப்பிய படையே ஆளடையாளம் தெரியாமல் உடலின் சொந்தத் திசுக்களைத் தாக்குகிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை என மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலித்துப் பின்னர் வடு இல்லாமல் ஆறிவிடும். இதயம் அப்படி ஆறுவதில்லை. வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆண்டுகள் செல்லச் செல்லச் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுகின்றன. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கவேண்டிய ஈரிதழ் வால்வு, நோய் முற்றியவரிடம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாகத் திறப்பதுண்டு. இந்நோய் பெரிதும் 5 முதல் 15 வயதுக்குள் பிடிக்கிறது. அதாவது பள்ளிப் பருவத்தில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதிய விண்ணப்பமும் உண்டு, 'கால்வலி' என்று மட்டும் எழுதியதும் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதிய விண்ணப்பத்தை ஆசிரியர் கையெழுத்திட்டுக் கோப்பில் போட்டுவிடலாகாது, அச்சிறுவனை மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் தரும் பெனிசிலின் இந்நோயை வராமலே தடுக்கும். ஒரு முறை வந்தவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒரு முறை இடும் பெனிசிலின் ஊசி மறுபடி வராமல் காக்கும்.

கெட்ட வால்வைச் சரி செய்யும் கலை நம் தமிழ்நாட்டில் வேரூன்றிய இடம் வேலூர். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் 1940-களின் இறுதியில் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கி வைத்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான டாக்டர் கோபிநாத், 1960-களின் தொடக்கத்திலேயே அங்குத் திறந்த இதய அறுவையைச் செய்து காட்டினார். ஆயினும் ஏழைகளுக்குப் பல்லாண்டுக் காலம் பயன்பட்டது அதனினும் எளிய ஒரு முறை. இதயத்தை நிறுத்தாமலே, மேலறையின் ஓரத்தில் சிறு துளையிட்டு, விரலை உள்ளே செலுத்தி, ஒட்டிக்கொண்ட ஈரிதழ் வால்வை விரித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் சௌட்டர் என்பவர் 1925-ல் இதனை முதலில் செய்தார். வேலூரில் டாக்டர் ஸ்டான்லி ஜானும் துணைவர்களும் இம்முறையில் அறுவை செய்துகொண்ட 3,724 பேரைத் தொடர்ந்து கவனித்து, அதன் பயனை 1983-ல் உலகறிய வெளியிட்டனர். நம்மவர் எழுதிய மருத்துவக் கட்டுரைகளுள் அத்தனை பெரிய எண்ணைத் தாங்கி நிற்பவை சிலவே.

விரித்தால் போதாது, மாற்றியே ஆகவேண்டும் என்னும் நிலையில் செயற்கை வால்வு வேண்டும். அமெரிக்காவில் ஸ்டார் என்னும் அறுவை மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் சேர்ந்து செய்த, கூண்டுக்குள் உருளும் பந்து வால்வு 1960-ல் நோயாளிகளிடம் வெற்றி கண்டது. வெளிநாட்டு வால்வுகளின் விலை நம் மக்களுக்கு எட்டவில்லை. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில், சாய்ந்து திறக்கும் வட்டத் தகடு வால்வு ஒன்றை உருவாக்க முயன்றனர். முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. உலோகக் கலவைச் சட்டமும் உறுதியான பாலிஎதிலீன் தகடும் கொண்ட நான்காவது வடிவம் ஆட்டின் இதயத்தில் சோதித்துத் தேறி, 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. குழுமம் அதைத் தயாரிக்க முன்வந்தது. அன்றுதொட்டு ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

வால்வின் கதை இவ்வளவு போதும். இனிக் குழாய்க்கு வருவோம்.

இதயம் நாள் முழுவதும் இரத்தத்தை இறைத்துக் கொட்டுகிறது. ஆயினும் தன் அறைகளுக்குள் நிறைந்திருக்கும் அவ்விரத்தத்திலிருந்து தன் தசைக்கு வேண்டியதை நேரே எடுத்துக்கொள்ள அதனால் இயலாது. பெருந்தமனி புறப்பட்ட இடத்திலேயே, பெருந்தமனி வால்வுக்கு ஏறத்தாழ ஒரு விரற்கடை மேலே, வலமும் இடமுமாக இரண்டு சிறு குழாய்கள் கிளைக்கின்றன. அவை இதயத்தின் மேற்புறத்தைக் கிரீடம்போல் சுற்றிக்கொண்டு செல்வதால் கரோனரித் தமனிகள் எனப்பட்டன. இலத்தீனில் கரோனா என்றால் மகுடம். இடக் குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒன்று முன்புறம் இறங்குகிறது. மற்றொன்று ஈரிதழ் வால்வின் வளையத்தை ஒட்டிச் சுற்றிப் பின்புறம் செல்கிறது. வால்வுக்கும் இக்குழாய்களுக்கும் உள்ள இந்த அண்டைவீட்டு உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அறுபது கிலோ எடையுள்ள மனிதனின் இதயம் ஏறத்தாழ 300 கிராம். உடலின் இருநூறில் ஒரு பங்கு. ஆனால் உடலில் ஓடும் இரத்தத்தில் இருபதில் ஒரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. எடைக்குரிய பங்கைவிடப் பத்து மடங்கு. அதுமட்டுமன்று. உடலின் பிற உறுப்புகள் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் கால் பங்களவே சராசரியாக எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. அவசரம் வந்தால் மிகுதியாக எடுத்துக்கொள்ளலாம். இதயமோ ஓய்வாக இருக்கும்போதே ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. மேலும் வேண்டுமானால் குழாயில் வரும் இரத்தம் பெருகவேண்டும், வேறு வழியில்லை. சேமிப்பே இல்லாமல் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தைப் போன்றது அதன் நிலை.

இங்கே பௌதிக வகுப்பில் படித்த ஒரு விதியை நினைவூட்டுகிறேன். குழாயில் ஒழுங்காக ஓடும் நீர்மத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்தம் மாறாதிருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். கரோனரித் தமனியின் குறுக்களவு தொடக்கத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டரே. அதன் சுவரிலுள்ள தசை சிறிது இழுத்துக்கொண்டாலும் ஓட்டம் எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். உயிருள்ள குழாய் கண்ணாடிக் குழாயன்று. கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஆபத்தின் அளவு புலப்படும். ஓட்டம் முற்றிலும் நின்றுபோனால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் தசையின் உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயப் பாத்தியில் ரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சுவதைக் கண்டிருப்பீர்கள். குழாய்க்குள் பாசியும் மண்ணும் படிந்து நீர் குறைவது ஒரு வகை. குழாய் தூய்மையாக இருந்தும் எவரோ காலால் மிதித்துக்கொண்டு நிற்பதால் நீர் நின்றுபோவது வேறொரு வகை. கொழுப்புப் படிந்து வரும் மாரடைப்பு முதல் வகை. இசிவு இரண்டாம் வகை. வியப்பு என்னவெனில், இங்கே மிதிப்பவர் எவரும் இல்லை. குழாய் தன்னைத் தானே மிதித்துக்கொள்கிறது. எனவேதான் கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட, கொழுப்புப் படிவே இல்லாத இருபது வயது இளைஞருக்கும் இது வரக்கூடும். அறுவைக்கு முன் எடுத்த படத்தில் குழாய்கள் சுத்தமாக இருந்தனவே என்று உறவினர் கேட்பது உண்மை, அப்படம் பொய்யுமன்று.

இசிவு என்ற கருத்தே மருத்துவ உலகில் ஏறி இறங்கிய ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் சிலர் நெஞ்சுவலிக்கு இதுவே காரணமென ஊகித்தனர். பின்னர் இறந்தோரின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது கொழுப்பு அடைப்பே கண்ணுக்குத் தெரிந்தது. இறந்தவரின் குழாயில் இசிவு தங்கியிருக்குமா? எனவே, கண்ணுக்குத் தெரிந்ததை நம்பித் தெரியாததைக் கைவிட்டனர். 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மருத்துவர் பிரின்ஸ்மெட்டல், உழைக்கும்போது வராமல் ஓய்வில் இருக்கும்போது வரும் நெஞ்சுவலி ஒன்றை விவரித்தார். வலி வரும்போது மின்பதிவில் ஒரு கோடு உயர்கிறது. வலி நீங்கியதும் ஒன்றுமே நிகழாததுபோல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. குழாய் தற்காலிகமாக இறுகித் தளர்வதே காரணமாகலாம் என்றார். மெய்ப்பிக்க ஒரு கருவி வேண்டுமே? அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1958-ல், கிளீவ்லாந்தில் டாக்டர் சோன்ஸ் பெருந்தமனிக்குள் சாயத்தைச் செலுத்த முயன்றபோது அது தவறிப்போய் வலக் கரோனரித் தமனிக்குள் புகுந்தது. நோயாளி இறந்துவிடுவாரோ என்று எல்லோரும் அஞ்சினர். அவர் இருமினார், பிழைத்தார். அத்தவற்றிலிருந்து பிறந்ததே இன்று எல்லோரும் அறிந்த ஆஞ்சியோகிராம். அதன் துணைகொண்டு 1970-களில், இசிவு நிகழ்ந்துகொண்டிருக்கும் அந்த நொடியிலேயே குழாயைப் படம் பிடித்தனர். இத்தாலியில் மசேரி இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஜப்பானியர் இந்நோய்க்குச் சிறப்பாக ஆளாகிறவர்கள் ஆதலால் அந்நாட்டு மருத்துவர்களும் மிக உழைத்தனர். இதய அறுவை முடிந்த உடனே இவ்விசிவு வரக்கூடும் என்பது 1980-ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று. முதலில் மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர்களிடம் கண்டனர். பிறகு வால்வு அறுவை செய்துகொண்டவர்களிடமும் கண்டனர்.

குழாய் ஏன் இசிகிறது? இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். இரண்டும் ஆய்வுக்கூடத்துத் தற்செயல்களால் விளங்கியவை.

முதலாவது, சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். அரியலூரில் பிறந்தவர்க்குக் கால்சியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊர் முழுதும் நிற்பதே பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின்மேல். சிமென்ட் ஆலைகள் அரைப்பதும் அதையே. இலண்டனில் 1880-களில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கச் செய்துவந்தார். வடித்த நீரில் கரைசல் செய்தபோது இதயம் துடிப்பை இழந்தது. உதவியாளர் குழாய்த் தண்ணீரில் செய்து கொடுத்திருந்தபோதோ நன்கு துடித்திருந்தது. இலண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த கால்சியமே அதற்குக் காரணம் என்று கண்டார். தசை எதுவாயினும் அதனுள் கால்சியம் நுழைந்தால் சுருங்கும், வெளியேறினால் தளரும். தமனிச் சுவரின் தசையும் இதற்கு விலக்கன்று. கால்சியம் அளவு மீறி நுழைந்தாலும், அதற்குத் தசை மிகைப்படப் பணிந்தாலும் இசிவு தோன்றும். ஜெர்மானியரான ஃப்ளெக்கென்ஸ்டைன் 1960-களில் இவ்வாயிலை அடைக்கும் மருந்துகளின் செயலை விளக்கினார். வெராபமில், நிஃபெடிபின், டில்டியாசெம் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, குழாயின் உட்பூச்சு. தமனியின் உள்ளே ஒரே ஓர் உயிரணு அடுக்கு, வார்னிஷ் பூசியதுபோல் படர்ந்திருக்கிறது. வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980-ல் நியூயார்க்கில் ஃபர்ச்காட் என்பவர் ஒரு புதிரை அவிழ்த்தார். முயலின் தமனித் துண்டின்மீது அசெட்டைல்கோலின் என்னும் பொருளை இட்டால் சில நேரம் துண்டு தளர்ந்தது, சில நேரம் சுருங்கியது. மருந்து ஒன்றே, தமனியும் ஒன்றே. விளைவு மட்டும் ஏன் மாறவேண்டும்? துண்டை வெட்டியெடுக்கையில் உட்பூச்சு உரசி நீங்கியிருந்தால் சுருங்குகிறது, நீங்காதிருந்தால் தளர்கிறது என்று கண்டார். உட்பூச்சிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து தசையைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர் உறுதிப்பட்டது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். உட்பூச்சு நோயுற்றால், தளர்த்தவேண்டிய செய்திகூடச் சுருக்கும் செய்தியாக மாறிவிடுகிறது.

இப்பொழுது அறுவைக்கூடத்தைப் பாருங்கள். மார்பெலும்பைப் பிளந்து, இரத்தத்தை வெளிப் பொறிக்குத் திருப்பி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். பொறியின் குழாய்களில் ஓடிய இரத்தத்தில் வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் பல உண்டாகின்றன. ஒரு மணி, இரண்டு மணி நேரம் பட்டினி கிடந்த இதயத்திற்கு மறுபடி இரத்தம் பாய்கிறது. பட்டினியாலும் மறுபாய்ச்சலாலும் உட்பூச்சு நலிகிறது. உடல் குளிர்ந்திருக்கிறது. மெக்னீசியம் குறைந்திருக்கலாம். செயற்கை மூச்சு சற்று வேகமாகிப்போனால் இரத்தம் காரத்தன்மை அடையும். அதுவும் குழாயைச் சுருக்கும். உடலின் அதிர்ச்சியால் அட்ரினலின் பெருகுகிறது. அழுத்தம் காக்க மருத்துவர் தரும் மருந்துகளும் அதே குடும்பத்தவை. நோயாளி பல ஆண்டு பீடி புகைத்தவரானால் உட்பூச்சு முன்னமே பழுது. இவற்றுள் எது இறுதித் துரும்பு என்று ஒருவரிடமும் அறுதியிட்டுக் கூற இயலாது; பல சேர்ந்தே செய்கின்றன.

இசிவு பெரும்பாலும் பொறியிலிருந்து விடுபடும் வேளையிலோ, முதற்சில மணி நேரத்திலோ வருகிறது. நோயாளி மயக்கத்தில் இருப்பதால் 'நெஞ்சு வலிக்கிறது' என்று சொல்ல மாட்டார். அழுத்தம் விழும், மின்பதிவுக் கோடு எழும்பும், சில வேளை துடிப்பு தாறுமாறாகி இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். மருத்துவரின் அறிவுக்குக் கடுஞ்சோதனை இந்த இடத்தில்தான். அழுத்தம் விழுந்தால் அதனை உயர்த்தும் மருந்தைக் கூட்டுவதே பழக்கம். காரணம் இசிவாயின், குழாயைச் சுருக்கும் அம்மருந்தே இசிவை மேலும் இறுக்கக்கூடும். இசிவை விடுவிக்கும் மருந்தோ உடலின் பிற குழாய்களையும் தளர்த்தி, ஏற்கெனவே விழுந்த அழுத்தத்தை இன்னும் வீழ்த்தும். முன்னே போனால் கிணறு, பின்னே வந்தால் பள்ளம். எதை எவ்வளவு, எந்த வழியில் என்று நிமிடங்களில் முடிவு செய்யவேண்டும்.

அதுவுமன்றி, எல்லாவற்றையும் இசிவு என்று சொல்லிவிடவும் கூடாது. அண்டைவீட்டு உறவு என்றேனே, அது இங்கே வருகிறது. ஈரிதழ் வால்வின் வளையத்தில் இடும் தையல், பக்கத்தில் சுற்றிச் செல்லும் தமனிக் கிளையைப் பிடித்திழுத்துக் கோணச் செய்யலாம். பெருந்தமனி வால்வைப் பொருத்தும்போது கரோனரி வாயில் மறைபடலாம். அகற்றிய வால்வின் சுண்ணாம்புத் துகள் ஒன்று குழாய்க்குள் சென்று அடைக்கலாம். இதயத்துள் தங்கிய காற்றுக் குமிழி, மல்லாந்து படுத்திருப்பவருக்கு முன்பக்கமாக அமைந்த வலத் தமனிக்குள் எளிதில் ஏறலாம். இவை எல்லாம் மின்பதிவில் ஏறத்தாழ ஒரே கோட்டையே வரையும். தையல் இழுத்திருந்தால் மருந்து பயன்படாது. தாமதமின்றி மறுபடி திறந்து சரிசெய்யவேண்டும். ஆகவே 'இசிவு' என்பது வசதியான விளக்கமாகிவிடக் கூடாது. ஆராய்ந்து நிறுவவேண்டிய ஒன்று. கடன் வாங்கியோ, அரசின் காப்பீட்டு அட்டையைக் கொண்டோ தம் பிள்ளையை அழைத்துச் சென்ற பெற்றோர், இது எதனால் வந்தது, எவ்வாறு உறுதி செய்தீர்கள் என்று பணிவோடு கேட்பதில் தவறேதுமில்லை. மருத்துவர்மேல் உடனே பழி சுமத்துவதும் சரியன்று, வாய் பொத்தி வருவதும் சரியன்று என்பது என் கருத்து.

உறுதி செய்யும் வழி ஆஞ்சியோகிராம். நூல்போல் மெலிந்து தெரியும் குழாய்க்குள் நேராக நைட்ரோகிளிசரினைச் சிறிது செலுத்துகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி படம் எடுத்தால், குழாய் தன் பழைய அகலத்திற்கு விரிந்திருப்பதைக் காணலாம். அப்படி விரிந்தால் அது இசிவு. விரியாவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும். சோதனையும் சிகிச்சையும் ஒன்றாகவே அமைவது மருத்துவத்தில் அரிது.

நைட்ரோகிளிசரின் என்றதும் சிலருக்கு வெடிமருந்து நினைவு வரும். அதுவேதான். பாறையைப் பிளக்கும் டைனமைட்டை நோபல் செய்தது இந்தப் பொருளைக்கொண்டே. அதனையே மிகச் சிறு அளவில் நெஞ்சுவலிக்குத் தரலாம் என்று இலண்டன் மருத்துவர் முர்ரெல் 1879-ல் காட்டினார். வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்க்கு வார விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பியதும் தலைவலி வந்ததுண்டு. காற்றில் கலந்த அப்பொருள் தலையின் குழாய்களை விரித்ததே அதற்குக் காரணம். முதுமையில் நெஞ்சுவலியால் வருந்திய நோபலுக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்ததும் இதே நைட்ரோகிளிசரின்தான். விதியின் வேடிக்கை என்று 1896-ல் ஒரு கடிதத்தில் அவர் வியந்துகொண்டார். உடலுக்குள் சென்றதும் இது நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது என்பதும், நலிந்த உட்பூச்சு தரத் தவறியதை வெளியிலிருந்து ஈடு செய்கிறது என்பதும் அதற்குப் பிறகு பல்லாண்டுகள் கழித்தே விளங்கின.

நைட்ரோகிளிசரினோடு கால்சியம் வாயிலை அடைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருவர். நிகோரண்டில் என்னும் மருந்தும் பயன்படுகிறது. மெக்னீசியத்தை ஈடு செய்வர்; மூச்சுப் பொறியின் வேகத்தைச் சரி செய்வர்; உடலை வெதுவெதுப்பாக வைப்பர். அழுத்தம் மிகவும் தாழ்ந்து மருந்தைத் தாங்காதபோது, தொடைத் தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் ஒரு பலூனைச் செலுத்தி, இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் அதனை விரியச் செய்து கரோனரித் தமனிகளுக்கு இரத்தத்தைத் தள்ளுவதுண்டு. அதுவும் போதாதெனில், இசிவு விடும்வரை இதயத்தின் வேலையை வெளிப் பொறியே ஏற்றுக்கொள்ளும். உரிய நேரத்தில் இனங்கண்டவர்களுள் பலர் முற்றிலும் தேறிவிடுகின்றனர். ஏனெனில் குழாயில் கெட்டது ஒன்றுமில்லை. இனங்காண நேரமாகிவிட்டால் மடிந்த தசை மீள்வதில்லை, சிலர் இறந்தும்விடுகின்றனர்.

தேறி ஊர் திரும்புகிறவருக்கு இரு வகை மாத்திரைகள் உண்டு. செயற்கை வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். உலோக வால்வு பொருத்தியவர் அதனை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு, இரத்தம் உறையும் நேரத்தை அவ்வப்போது சோதித்துக்கொள்ளவேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் தமக்கு வால்வு பொருத்தியிருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். இசிவுக்குரிய மாத்திரை வேறு. 'இப்பொழுது வலியில்லையே' என்று அதனைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தும்போதே இசிவு மீண்டும் தலைகாட்டக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும்வரை விடலாகாது. பீடி, சிகரெட் அறவே கூடாது. அறுவை முடிந்த வீட்டில் அடுத்த அறையில் அமர்ந்து பிறர் புகைப்பதும் கூடாது. விடியற்காலையில், ஓய்வாக இருக்கும்போது நெஞ்சு இறுகுவதாகத் தோன்றினால், 'உழைக்காமலா நெஞ்சு வலிக்கும்' என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். இவ்விசிவு மிகுதியாக வரும் வேளை இரவின் பின்பகுதியும் விடியலுமே.